மண்புழு வேண்டாம், ஸ்பின்னர் போதும்!

கே: ஏரியில் மண்புழு வைத்து ஜிலேபியும் கெளுத்தியும் பிடித்துப் பழகியவன் நான். மே மாதம் குடும்பத்தோடு இமாச்சல் போகிறோம். ட்ரவுட் பிடிக்க என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? – வாசகர், ஈரோடு

ப: மே என்றால் நல்ல காலம்தான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே ட்ரவுட் பிடிக்கத் தடை. ஜூலை, ஆகஸ்டில் ஆறு கலங்கி ஓடும். மணாலி பேருந்தில் ஔட்டில் இறங்கி, பஞ்சார் வழியாகத் தீர்த்தன் ஆற்றுக்குப் போங்கள்.

ஆறடி லேசான கம்பு, சின்ன ரீல், ஆறு பவுண்டு தங்கூசி நரம்பு, விரல்நுனி அளவு ஸ்பின்னர் (இழுக்கும்போது சுழலும் உலோகப் போலி இரை) நாலைந்து. பாறையில் சிக்கிக் குறைந்தது இரண்டு போய்விடும். முள்ளிலுள்ள எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டால், மீனை அதிகக் காயமின்றித் திரும்ப விடலாம்.

ஏரிக்கரைப் பழக்கத்தில் ஓரிடத்தில் உட்கார்ந்துவிடாதீர்கள். ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து, பாறை மறைவில் நிற்கும். நீங்கள் கீழிருந்து மேலாக நடந்து, நிழல் தண்ணீரில் விழாமல், பாறைக்கு மேற்புறம் வீசி இழுங்கள். மூன்று வீச்சில் கடிக்கவில்லையா, அடுத்த பாறை!

மீன்வளத் துறை உரிமச்சீட்டு கட்டாயம். முதல் நாள் மட்டும் உள்ளூர் வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காசு வீண்போகாது.