சாரணர் உடை

கொடியேற்றும்பொழுதும் உறுதிமொழி ஏற்கும்பொழுதும் சாரணர்க்கு முழுச் சீருடையே தக்கது. அதில் ஐயமில்லை. ஆயின், பாசறையில் குழி தோண்டுவோனும் அடுப்பு மூட்டுவோனும் சட்டையின் மடிப்பு குலையுமே என்று கவலையுற்றால் வேலை நடவாது. அவர்க்கு எளிய உடையே ஏற்றது.

இங்கு ஓர் இடர் உண்டு. அவரவர் வீட்டுடையில் வந்தால் செல்வர் பிள்ளை யார், ஏழைப் பிள்ளை யார் என்பது பார்த்தவுடன் புலப்பட்டுவிடும். 1907-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரௌன்சீத் தீவில் பேடன் பவல் நடத்திய முதற் பாசறைக்குச் செல்வர் பள்ளி மாணவரும் உழைப்பாளர் வீட்டுச் சிறுவரும் சேர்ந்தே வந்தனர். சீருடைச் சட்டை அவர்களுக்கு இல்லை. காக்கிக் கழுத்துக்குட்டையும் பித்தளைச் சின்னமுமே அனைவர்க்கும் பொதுவாயிருந்தன. எனவே, எளிய உடை அணியும் நாளிலும் கழுத்துக்குட்டையை மட்டும் களைதல் ஆகாது. முறிந்த கையைத் தாங்கும் கட்டாகவும் அஃது உதவுமன்றோ!