படைவீரர் வீட்டுப் பிள்ளைகள்

நுழையும்முன்

போர்க்களத்தில் நிற்பவர் ஒருவர். அவர் வீட்டில் காத்திருப்பவர் பலர். அவர்களுள் பள்ளி செல்லும் வயதினரும் உண்டு. வரலாறு படைத்தலைவர்களின் பெயர்களைக் குறித்துவைத்த அளவுக்கு இப்பிள்ளைகளைக் குறித்துவைக்கவில்லை. அவர்களின் கல்விக்கு நாடு செய்ததையும் இன்னும் செய்ய வேண்டியிருப்பதையும் இப்பாடம் பேசுகிறது.

கோட்டைக்குள் குடும்பங்கள்

விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சி, இராசகிரி, கிருட்டினகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்துக் கட்டப்பட்ட கோட்டையூர். மராத்தியப் படைத்தளங்களுள் ஒன்றாக 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இது இடம்பெற்றது. இராசகிரியின் அடிவாரத்தில் கல்யாண மகாலைச் சுற்றி வளைவு முகப்புடைய சிறு அறைகள் வரிசையாக உள்ளன. அவற்றைக் குதிரை லாயம் என்பார் சிலர். படைவீரர் தங்கிய இடம் என்பார் சிலர். அருகிலேயே பெரிய நெற்களஞ்சியமும் குளங்களும் உள்ளன. இத்தனை நெல்லும் நீரும் வாள் பிடித்தவர்களுக்கு மட்டும் சேர்த்துவைக்கப்பட்டவை அல்ல. முற்றுகைக் காலத்தில் கோட்டை என்பது ஓர் ஊர். அவ்வூரில் குழந்தைகளும் இருப்பர்.

மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை செஞ்சியை முற்றுகையிட்டது. சிவாசியின் இளைய மகன் இராசாராம் உள்ளே இருந்தார். முற்றுகை தொடங்கிய ஆண்டில் கோட்டைக்குள் பிறந்த குழந்தை, அது முடியும்போது எழுத்துப் பயிலும் வயதைத் தாண்டியிருக்கும். இறுதியில் இராசாராம் தப்பிச் சென்றார். அவர்தம் குடும்பத்தினர் பகைவர் கையில் அகப்பட்டனர். அரசரின் குடும்பத்துக்கே அந்நிலை என்றால், பெயர் தெரியாத வீரர்களின் மனைவி மக்கள் பட்ட பாட்டைச் சொல்ல ஏடுகள் இல்லை.

பின்னர் 1714இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானை எதிர்த்து வீழ்ந்த தேசிங்குராசனும் படைவீட்டுப் பிள்ளைதான். அவன் தந்தை சொரூப்சிங் செஞ்சியின் கோட்டைத் தலைவர். தந்தை இறந்த அதே ஆண்டில் மகன் பொறுப்பேற்று, களத்தில் மாண்டான். அப்போது அவனுக்கு வயது இருபதை ஒட்டியே இருக்கும். நாட்டார் கதைப்பாடல் அவன் குதிரையையும், மணக்கோலத்தைக் களைந்து போருக்கு வந்த நண்பனையும் நெகிழ்ந்து பாடுகிறது. தந்தையை இழந்த ஓர் இளைஞனாக மட்டும் அவனைப் பார்க்க அப்பாடலுக்கு நேரம் இருக்கவில்லை.

குருதிக்கு ஈடாக நிலம்

படைவீரன் மடிந்தால் அவன் குடும்பத்தைக் காப்பது ஊரின் கடமை என்ற எண்ணம் தமிழருக்குப் புதிதன்று. செஞ்சிக்கு மேற்கே திருவண்ணாமலையைக் கடந்தால் வருவது செங்கம். அவ்வட்டாரத்தில் பல்லவர் காலத்து வட்டெழுத்து நடுகற்கள் மிகுதியாகக் கண்டெடுக்கப்பட்டுள்ளன. ஆநிரை மீட்டும் ஊர் காத்தும் இறந்த வீரர்களின் பெயர்கள் அக்கற்களில் பொறிக்கப்பட்டன. வீரனின் குடும்பத்துக்கு விடப்பட்ட நிலம் ‘உதிரப்பட்டி’, ‘நெய்த்தோர்பட்டி’ எனக் கல்வெட்டுகளில் வழங்கும். உதிரமும் நெய்த்தோரும் குருதியையே குறிக்கும்.

நிலம் பசியைப் போக்கும். எழுத்தறிவுக்கு அது பொறுப்பேற்காது. புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் மறக்குடித் தாய், தந்தையையும் கணவனையும் களத்தில் பறிகொடுத்தவள். எஞ்சிய ஒரே மகனுக்குத் தலைவாரி, வேல் கொடுத்து அனுப்புகிறாள். அவள் வீரத்தை வியந்து பேசியே நமக்குப் பழக்கம். அச்சிறுவன் என்ன நினைத்தான் என்று வகுப்பறையில் ஒருமுறையேனும் கேட்டுப் பார்க்கலாம்.

எழும்பூரில் ஒரு புதுமை

படைவீரர் பிள்ளைகளுக்கெனத் தனிப்பள்ளி என்ற எண்ணம் தமிழகத்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உருப்பெற்றது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த ஐரோப்பிய வீரர்களின் ஆதரவற்ற மகன்களுக்காகச் சென்னை எழும்பூரில் ஒரு காப்பகம் தொடங்கப்பட்டது. இசுகாட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்னும் சமயகுரு 1789இல் அதன் பொறுப்பை ஊதியம் பெறாமல் ஏற்றார்.

அங்கிருந்த ஆசிரியர்களுக்குக் கற்பித்தலில் ஆர்வம் இல்லை. ஒருநாள் பெல், நம் திண்ணைப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தாளும் மையும் வேண்டாத அம்முறையைக் காப்பகத்தில் புகுத்த விரும்பினார். ஆசிரியர்கள் தங்களால் இயலாது என்றனர். எனவே ஜான் பிரிசுகென் என்னும் எட்டு வயது மாணவனிடம் கடைசி வகுப்பை ஒப்படைத்தார். அவனும் ஒரு படைவீரனின் மகனே. ஆசிரியர்கள் முடியாதென்று ஒதுக்கியதை அச்சிறுவன் செய்து காட்டினான். மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் இம்முறையைப் பெல் 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மெட்ராசு முறை’ என்ற பெயரில் அது பிரிட்டனிலும் பிற நாடுகளிலும் பரவியது. இசுகாட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூசு நகரில் அவர் விட்டுச்சென்ற செல்வத்தால் எழுந்த ‘மெட்ராசு கல்லூரி’ என்னும் பள்ளி இன்றும் இயங்குகிறது.

இவ்வரலாற்றில் ஒரு முரண் உண்டு. முறை நம் திண்ணையில் பிறந்தது. நம் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கோ அக்காப்பகத்தில் இடமில்லை. குடும்பத்தை உடன் அழைத்துச் செல்லும் வழக்கமுடைய சென்னைப் படையில், சிப்பாய்களின் மகன்களைச் சிறுவயதிலேயே படைப்பிரிவில் பதிவுசெய்து சிறுதொகை வழங்கினர். அது பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணியது என்பதைவிட அடுத்த தலைமுறைச் சிப்பாயை ஆயத்தம் செய்தது என்பதே பொருந்தும்.

இந்திய வீரர்களின் மகன்களுக்கான படைத்துறைப் பள்ளிகளுக்கு 1922இல்தான் ஜீலத்திலும் ஜலந்தரிலும் அடிக்கல் நாட்டப்பட்டது. பெங்களூருப் பள்ளி 1946இல் தொடங்கியது. உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதிநகர் சைனிக் பள்ளி 1962இல் தோன்றியது. அது எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் உரியது எனினும், படையினர் பிள்ளைகளுக்கு இட ஒதுக்கீடு உண்டு.

மாறும் பள்ளி, மாறாத ஏக்கம்

இன்றைய படைவீரர் பிள்ளையின் முதல் இடர் இடமாற்றம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தந்தைக்கோ தாய்க்கோ பணியிடம் மாறும். பாடத்திட்டமும் மொழியும் நண்பர்களும் உடன் மாறுவர். இதற்குத் தீர்வாகவே 1963இல் படைப்பிரிவுப் பள்ளிகள் இருபதை நடுவண் அரசு ஏற்றது; அவையே கேந்திரிய வித்யாலயங்களின் தொடக்கம். நாடெங்கும் ஒரே பாடத்திட்டம் என்பதால், பதான்கோட்டில் பாதியில் விட்ட பாடத்தைக் குன்னூரில் தொடரலாம்.

ஆனால் எல்லைக் களப்பகுதிகளுக்குக் குடும்பத்தை அழைத்துச் செல்ல இயலாது. அப்போது தாயும் பிள்ளைகளும் செஞ்சி போன்ற சொந்த ஊருக்குத் திரும்புவர். மேலும், சிப்பாயாகச் சேர்ந்தவர் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றினாலே ஓய்வூதியம் பெறத் தகுதி உண்டு. பலர் நாற்பது வயதுக்கு முன்பே ஓய்வு பெறுகின்றனர். பிறர் வீடுகளில் ஓய்வு என்பது பிள்ளைகள் வேலைக்குச் சென்றபின் வருவது. இங்கோ பிள்ளைகள் ஏழாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ இருக்கும்போது வந்துவிடுகிறது.

அப்படி ஊர் திரும்பும் பிள்ளைக்குச் செஞ்சியில் அந்நியமாவது தமிழே. இந்தியும் ஆங்கிலமும் பயிற்றுமொழியாக இருந்த பள்ளியிலிருந்து வந்த மாணவி, வீட்டில் தமிழ் பேசுவாள். எழுதும்போது ‘ற’கரமும் ‘ர’கரமும் மயங்கும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் 2006இல் இயற்றப்பட்டது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு அவளுடைய பழைய பள்ளியைக் கேட்பதில்லை. சொந்த ஊரில், சொந்த மொழியில் பின்தங்கும் வலியை அவள் எவரிடம் சொல்வாள்? தொலைபேசியில் தந்தை அழைக்கும்போது, ‘நன்றாகப் படிக்கிறேன்’ என்பதே விடையாக இருக்கும். எல்லையில் இருப்பவரைக் கலங்க வைக்கக் கூடாது என்பதை இப்பிள்ளைகள் எவரும் சொல்லாமலே கற்றுக்கொள்கின்றனர்.

உதவி சேரும் இடம்

பொருளுதவியில் நம் நாடு பின்தங்கியிருக்கவில்லை. போரில் இறந்தோர், காணாமற்போனோர், உறுப்பிழந்தோர் ஆகியோரின் பிள்ளைகளுக்குக் கல்விக்கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டம் 1971 போரை ஒட்டி வந்தது. அதற்கு மாதம் 10,000 ரூபாய் என 2017இல் உச்சவரம்பு விதிக்கப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. கடற்படைத் தளபதியே அதனை நீக்குமாறு பாதுகாப்பு அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். 2018 மார்ச்சில் அவ்வரம்பு நீக்கப்பட்டது. தொழிற்கல்வி பயிலும் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்குப் பிரதமர் கல்வி உதவித்தொகை உண்டு. 2019ஆம் ஆண்டு முதல் அது மாணவியருக்கு மாதம் 3,000 ரூபாய், மாணவருக்கு 2,500 ரூபாய். டிசம்பர் 7ஆம் நாளில் பள்ளிகளில் வழங்கப்படும் முந்நிறக் கொடிச்சின்னமும் இவர்களின் நலத்துக்கானதே. 1949 முதல் படைவீரர் கொடிநாள் கொண்டாடப்படுகிறது. அந்நிறங்கள் முப்படைகளைக் குறிப்பவை என்பதை, அதைச் சட்டையில் குத்திக்கொள்வோர் பலர் அறிவதில்லை.

இவ்வுதவிகளில் பெரும்பாலானவை பெற்றோர் விண்ணப்பித்தால் கிடைப்பவை. செஞ்சியிலிருந்து விண்ணப்பத்தோடு ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் சென்று விழுப்புரத்தில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுக வேண்டும். கணவரை இழந்த பெண் முதல் முறையாக அப்படிவங்களைக் கையில் எடுக்கும்போது, எந்தச் சான்று எங்கே கிடைக்கும் என்று சொல்ல ஒருவர் வேண்டும். பள்ளியே அவ்விடமாக இருக்கலாம்.

இங்கிலாந்தில் 2011 முதல் படையினரின் பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒரு தொகை பெற்றோருக்கன்றிப் பள்ளிக்கே வழங்கப்படுகிறது. பிரிவாலும் இடமாற்றத்தாலும் தளரும் மாணவரைத் தாங்க அப்பணம் செலவாகும். அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களும், இப்பிள்ளைகள் மாநிலம் மாறும்போது சேர்க்கையும் பாடத் தொடர்ச்சியும் தடைபடாதவாறு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டுள்ளன. இரண்டிலும் உதவி வகுப்பறைக்குள் வருகிறது. பணம் மட்டும் தந்தால் தீராத குறையை அந்நாடுகள் இனங்கண்டதை இதிலிருந்து அறியலாம்.

செஞ்சியின் வகுப்பறை அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. சேர்க்கைப் படிவத்தில் பெற்றோரின் தொழில் ‘படைப்பணி’ என்றிருந்தால், முன்பு பயின்ற மொழி எது என்று வகுப்பாசிரியர் கேட்டறியலாம். அறிவிப்புப் பலகையில் கல்வி உதவிகளின் கடைசி நாளை எழுதிவைக்கலாம். ‘ற’கரத்துக்கும் ‘ர’கரத்துக்கும் தடுமாறும் மாணவியின் அருகில், தமிழ் நன்கறிந்த மாணவி ஒருத்தியை மதிய இடைவேளையில் அரைமணி நேரம் அமரச் செய்யலாம். எழும்பூரில் எட்டு வயது பிரிசுகென் மணலைப் பரப்பிக்கொண்டு செய்தது அதுதான்.