பழைய காருக்கு ஆம்பூர்த் தோல் போடலாமா?

கேள்வி: அப்பா வாங்கிய பழைய ஜாகுவார் ஈ-டைப் காரைச் சரிசெய்து வருகிறோம். சீட் தோல் வெடித்துவிட்டது. ஆம்பூர் ஷூ ஆலைகளுக்குப் போகும் தோலையே போடலாமா?
- வாசகர், வாணியம்பாடி

பதில்: பழைய தோலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். 1961-இல் அறிமுகமான அந்த மாடலுக்கு அசல் சீட்தான் அழகு. பல நேரம் வெடிப்பது மேல்பூச்சு மட்டுமே. ஓர் ஓரத்தைப் பிரித்து அடிப்பக்கத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். நார் உறுதியாக இருந்தால் காப்பாற்றலாம். பொடியாக உதிர்ந்தால் மாற்றத்தான் வேண்டும். தேங்காய் எண்ணெய் மட்டும் தடவாதீர்கள். பிசுபிசுத்துத் தூசியை இழுக்கும்.

மாற்றுவதானால் ஷூவுக்கான ஆட்டுத்தோல் சரிப்படாது. ஒரு தோல் சில சதுர அடிதான் வரும். சீட் முழுக்க ஒட்டுத் தையலாகிவிடும். குரோம் முறையில் பதனிட்ட மாட்டுத்தோல், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் கனத்தில் கேளுங்கள். ஆவாரம்பட்டை போன்றவற்றால் பதனிட்ட தோல் வெந்நீர்ச் சோதனையில் 80 டிகிரி வாக்கில் சுருங்கிவிடும். நல்ல குரோம் தோல் 100 டிகிரி வரை தாங்கும். வேலூர் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்தும் காருக்கு அந்தத் தாங்குதிறன் தேவை. சந்தேகமிருந்தால் சென்னை அடையாறிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் விசாரியுங்கள்.

நிறத்துக்கு மாதிரியை, சீட்டுக்கு அடியில் மடித்துத் தைத்த, வெயில் படாத துண்டிலிருந்து வெட்டிக் கொடுங்கள். ஓரம் சீவித் தைப்பதில் உங்கள் ஊர்ப் பக்கத்துத் தொழிலாளர்கள் கைதேர்ந்தவர்கள். பழைய உறையைப் பிரித்து அதையே அளவாக வைத்து வெட்டச் சொல்லுங்கள்.