வெளியே சிவப்பு, உள்ளே பச்சை

கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீப்ஸ் என்ற பகுதி இருக்கிறது. அங்கே ஒரு லைன் வீடு. மாமனார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சுரங்கத்தை மூடினார்கள். அவருடைய வேலை போனது. இப்போது மகன் தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார். ஒரு சம்பளம் போதவில்லை.

மருமகள் ஒரு மின் ஓவன் வாங்கினார். கிறிஸ்துமஸுக்கு முழுக் கோழி ரோஸ்ட் செய்து விற்க நினைத்தார். ஆறு வீட்டார் முன்பணம் கொடுத்தார்கள்.

முதலில் ஒரு கோழியைச் செய்து பார்த்தார். சீக்கிரம் வேகட்டும் என்று சூட்டை 250 டிகிரியில் வைத்தார். அரை மணி நேரத்தில் கோழி நன்றாகச் சிவந்தது. வாசனை தெரு வரை போனது. பேரன் தட்டோடு வந்து உட்கார்ந்தான்.

தொடையை வெட்டினார். எலும்பு ஓரத்தில் சதை பச்சையாக இருந்தது.

"சாப்பிடாதே கண்ணு!" என்று தட்டை எடுத்துவிட்டார். அவர் கண் கலங்கியது. "வெளியே இப்படிச் சிவந்திருக்கிறதே, மாமா!" என்றார்.

மாமனார் சொன்னார்: "சுரங்கத்தில் ஆழம் போகப் போகச் சூடு அதிகம் அம்மா. 3,000 மீட்டர் ஆழத்தில் பாறையின் சூடே 60 டிகிரிக்கு மேல். கோழியில் அது தலைகீழ். சூடு வெளியிலிருந்து உள்ளே போகிறது. ஆழத்துக்குக் கடைசியில்தான் போய்ச் சேரும். அதற்குள் நீ வெளியே எடுத்துவிட்டாய்."

பச்சைக் கோழியில் நோய்க் கிருமிகள் இருக்கலாம். சால்மோனெல்லா அவற்றில் ஒன்று. சரியாக வேகாத கறியைத் தின்றால் வாந்தி, பேதி, காய்ச்சல் வரும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் ஆபத்து அதிகம். சதையின் உட்பகுதி 74 டிகிரி சூடானால் இந்தக் கிருமிகள் செத்துவிடும்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா முன்பு ஓட்டலில் சமைத்தவர். அவர் ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்தார்.

"ஓவனை 180 டிகிரியில் வை. கால் மணி நேரம் காயவிடு. பிறகு கோழியை வை. ஒவ்வொரு அரை கிலோவுக்கும் 20 நிமிடம். அதோடு இன்னும் 20 நிமிடம் சேர்த்துக்கொள்."

1 கிலோ கோழி – 1 மணி நேரம்
ஒன்றரை கிலோ – 1 மணி 20 நிமிடம்
2 கிலோ – 1 மணி 40 நிமிடம்

"ஓவனுக்கு ஓவன் சூடு மாறும். அதனால் சமையல் வெப்பமானி ஒன்று வாங்கு. தொடையில் சதை தடித்த இடத்தில் குத்து. முனை எலும்பில் படக் கூடாது" என்றும் சொன்னார்.

மருமகள் மறுபடி செய்தார். ஒன்றரை கிலோ கோழி. 1 மணி 20 நிமிடம் ஆனது. வெப்பமானி 68 காட்டியது.

"நேரம் முடிந்துவிட்டதே, எடுத்துவிடு" என்றார் கணவர்.

"உள்ளே இன்னும் வேகவில்லை" என்று சொல்லி மருமகள் மீண்டும் உள்ளே வைத்தார். 10 நிமிடம் கழித்துப் பார்த்தார். 76 டிகிரி! வெளியே எடுத்து 10 நிமிடம் ஆறவிட்டார். பிறகு வெட்டினார். எலும்பு வரை வெந்திருந்தது. முதல் துண்டு பேரன் தட்டுக்குப் போனது.

நினைவில் வையுங்கள்

* உறைந்த கோழியை முதல் நாளே பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைவு நீங்கிய பிறகு சமையுங்கள்.
* பச்சைக் கறி வெட்டிய கத்தி, பலகை, கை ஆகியவற்றைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.
* நிறத்தை நம்பாதீர்கள். உள்ளே 74 டிகிரி வந்ததா என்று பாருங்கள்.
* மீந்த கறியை 2 மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள்.

விடை சொல்லுங்கள்

1. முதல் கோழி ஏன் உள்ளே வேகவில்லை?
2. இரண்டரை கிலோ கோழி வேக எவ்வளவு நேரம் ஆகும்?