வெள்ளி நாணயமும் தேர்ந்து தோண்டும் முறையும்

நிலத்தினுள் புதைந்த உலோகத்தை மேலிருந்தே அறியும் கருவிகள் இக்காலத்தில் பொழுதுபோக்காளர் கைகளிலும் காணப்படுகின்றன. ஆயினும், கருவி ஒலிக்கும் இடத்தையெல்லாம் தோண்டுதல் இயலாது. டோம்பிவிலியைப் போன்று தொழிற்பேட்டையும் குடியிருப்பும் நெருங்கிய ஊர்களின் நிலத்தில் ஆணியும் சோடா மூடியும் தகரத் துண்டும் மிகுதி. ஆகவே எதனைத் தோண்டுவது, எதனை விடுவது என்னும் தேர்வே இப்பயிற்சியின் உயிர்நிலையாகும். அத்தேர்வின் அடிப்படையையும், அதனால் நேரும் இழப்பையும், அதற்குரிய வரம்பையும் இங்கு ஆராய்வோம்.

கருவி இயங்கும் விதம்

கருவியின் கீழ்முனையிலுள்ள கம்பிச்சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாய்கின்றது. அதனால் எழும் காந்தப்புலம் மண்ணுட் புகுந்து, அங்குள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகின்றது. அவை தோற்றுவிக்கும் எதிர்ப்புலத்தை மற்றொரு சுருள் ஏற்கின்றது. பொருள் பருத்ததாயும் நன்கு மின்கடத்துவதாயும் இருப்பின் எதிர்ப்புலம் மிகவும் பிந்தும். மெல்லிய தகடாயின் பிந்துதல் குறையும். இப்பிந்துதலையே கருவி எண்ணாகவோ ஒலியின் உயர்வு தாழ்வாகவோ காட்டுகின்றது. எனவே கருவி ‘வெள்ளி’ என்று அறிவதில்லை. கடத்துதிறனும் உருவமும் கூடிய விளைவையே அறிகின்றது. இதனை மறவாதிருத்தல் வேண்டும்.

நாணயங்களின் இயல்பு

1835 முதல் 1939 வரை அச்சிடப்பெற்ற வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ஆதலின் அது உயர்ந்த எண்ணைத் தரும். 1940 முதல் 1945 வரையிலான போர்க்கால ரூபாயில் வெள்ளி பாதியே. நிக்கல் கலந்தமையால் கடத்துதிறன் குறைந்து, ஏறத்தாழ அதே உருவமுடைய நாணயமும் தாழ்ந்த எண்ணையே காட்டும். 1947-ஆம் ஆண்டின் நிக்கல் ரூபாயிலோ வெள்ளி சிறிதும் இல்லை.

தேர்ந்து தோண்டும் படிகள்

முதலாவதாக, கருவியை மண்ணுக்கு ஏற்பச் சீர்செய்க. இப்பகுதி மண் தக்காண எரிமலைப் பாறை சிதைந்து உண்டானது. அதிலுள்ள காந்த இரும்புத் தாது ஆழத்திலுள்ள நாணயத்தின் குறியை மங்கச் செய்யும்.

இரண்டாவதாக, ஒரே இடத்தை ஒன்றற்கொன்று செங்குத்தான இரு திசைகளில் வருடிப் பார்க்க. கிடையாகக் கிடக்கும் வட்ட நாணயம் இரு திசையிலும் ஏறக்குறைய ஒரே எண்ணைத் தரும். துருவேறிய ஆணியின் எண் பெரும்பாலும் மாறும்.

மூன்றாவதாக, சுருளைச் சிறிது உயர்த்துக. நாணயத்தின் ஒலி விரைவில் மெலியும். தகர டப்பா போன்ற பெரும்பொருளின் ஒலி நீடிக்கும்.

தேர்வின் குறை

உயர்ந்த எண்ணை மட்டுமே தோண்டுவோர் காலத்தை மிச்சப்படுத்துவர். ஆயின் சிலவற்றை இழப்பர். க்ஷத்திரப அரசர்களின் வெள்ளிக் காசுகள் ஏறத்தாழ இரண்டு கிராம் எடையே உடையவை. அவை வெள்ளியேயாயினும், சிறுமையால் தாழ்ந்த எண்ணைக் காட்டி, குப்பையென ஒதுக்கப்படலாம்.

நிறுத்த வேண்டிய இடம்

ஒரே குழியில் இரண்டாம் பழங்காசு தென்படின் தோண்டுதலை அப்போதே நிறுத்துக. 1906-இல் நாசிக்குக்கு அருகே ஜோகல்தெம்பியில் 13,000-க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவை நகபானனுடையவை, அவற்றுள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவற்றின்மீது கௌதமிபுத்திர சாதகர்ணி தன் முத்திரையை மீண்டும் பொறித்திருந்தான். ஓர் அரசு வீழ்ந்து மற்றோர் அரசு அதன் செல்வத்தைக் கைக்கொண்டமையை அக்குவியல் சான்றுரைத்தது. அவை தனித்தனியே பிரிந்து விற்கப்பட்டிருந்தால் வெள்ளியின் எடை மட்டுமே எஞ்சியிருக்கும்.

சட்டமும் இதனையே வலியுறுத்துகின்றது. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, நிலத்தில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயை மிஞ்சின், கண்டெடுத்தவர் அதன் இயல்பு, அளவு, இடம், நாள் ஆகியவற்றை மாவட்டக் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். இன்றைய விலையில் ஒரு வெள்ளி ரூபாயே அவ்வரம்பைத் தாண்டிவிடும். ஆகவே ஐயமிருப்பின் அறிவித்தலே முறை. மறைப்போர் தம் பங்கை இழப்பதுடன் தண்டனைக்கும் உள்ளாவர். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமமின்றி அகழ்தல் கூடாது. தனியார் நிலமாயின் உடையவர் இசைவு பெறுதல் வேண்டும்.

வகுப்புப் பயிற்சி

பள்ளித் தோட்டத்தில் இரும்பாணி, சோடா மூடி, மடித்த அலுமினியத் தாள், பழைய செப்புக்காசு, வெள்ளி நாணயம் ஆகியவற்றை 5, 10, 15 செ.மீ. ஆழங்களில் புதைத்து, இடங்களை ஆசிரியர் மட்டும் குறித்து வைத்துக்கொள்க. மாணாக்கர் ஒவ்வோர் இடத்திலும் எண்ணையும் தம் ஊகத்தையும் எழுதிய பின்னரே தோண்டுக. பின்வருவனவற்றை வினவுக:

1. செப்புக்காசையும் வெள்ளியையும் கருவி பிரித்தறிந்ததா? இல்லையெனில் ஏன்?
2. ஆழம் கூடும்போது எண் எவ்வாறு மாறிற்று?
3. தோண்டாமல் விட்டவற்றுள் நல்ல பொருள் எத்தனை?

மூன்றாம் வினாவின் விடையே தேர்வின் உண்மை விலையாகும். அதனைத் தாமே எண்ணிக் கண்ட மாணாக்கன், கருவியின் சொல்லை முடிந்த முடிபாகக் கொள்ளமாட்டான்.