எடுத்த இடத்தைச் சொல்லிப் பாடு

வாலாஜாபேட்டை,
ஞாயிறு காலை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

சின்னத் தாத்தா எழுதுவது. நானும் சின்ன ஆயாவும் நலம். உன் நலம்தான் தெரியவில்லை. முந்தாநாள் ராத்திரி உன் அம்மா போன் செய்தாள். மாசக் கடைசியில் ஆம்பூர் கம்பெனி வேலையை விடப்போகிறாயாம். பாட்டு வகுப்பை ஏற்கெனவே நிறுத்திவிட்டாயாம். யூடியூபில் போட்ட பாட்டையும் எடுத்துவிட்டாயாம். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி அழுதாள். எதற்கு முதலில் பதறுவது என்று எனக்கு விளங்கவில்லை. "சரிம்மா, போய்ப் படு" என்று சொல்லி வைத்தேன். அவள் படுத்தாளோ என்னவோ, நான் படுக்கவில்லை.

போனில் பேசலாம்தான். நீ "ம்" கொட்டுவாய், நான் சத்தம் போடுவேன், ஆயா நடுவில் பிடுங்கி "சாப்டியா கண்ணு" என்பாள். அதனால்தான் காகிதம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முடிவு உன்னுடையது. இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு இதைச் செய், அதைச் செய் என்று உத்தரவு போட எனக்கு உரிமை இல்லை. நான் நினைப்பதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

பாட்டைக் கேட்ட யாரோ "எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே" என்று சொன்னார்களாம். அதிலிருந்து நீ, "அடுத்தவங்க பாட்டைப் பாடினா அதுல நான் எங்க இருக்கேன்? இனிமே முழுக்க என்னுதா வந்தாத்தான் பாடுவேன்" என்று உட்கார்ந்துவிட்டாயாம். இந்த 'முழுக்க என்னுது' என்கிற பேச்சுதான் என்னைத் தூங்கவிடவில்லை. வேலையை விடுவதைவிட இது பெரிய ஆபத்து. (வேலையை விடுவதும் ஆபத்துதான். அதற்கு அப்புறம் வருகிறேன்.)

நீ பிறந்த ஊர் எது? வெங்கடரமண பாகவதர் வாழ்ந்த ஊர். சின்ன வயதில் உனக்கு அவர் கதையை எத்தனை முறை சொல்லியிருப்பேன். 1781இல் அய்யம்பேட்டையில், பட்டு நெய்கிற சௌராஷ்டிர சமூகத்தில் பிறந்தவர். திருவையாற்றுக்குப் போய் தியாகராஜரிடம் வருஷக் கணக்கில் கற்றவர். பிறகு இங்கே வந்து குடியேறினார், 1874 வரை வாழ்ந்தார். குரு பாடப் பாட அவர் செய்த பெரிய வேலை என்ன? எழுதிக்கொண்டது. சாகித்தியத்தை எழுதி, ஸ்வரத்தையும் எழுதி, கட்டுக் கட்டாகச் சுவடி சேர்த்தார். அவரும் அவர் மகன் கிருஷ்ணசுவாமி பாகவதரும் குருவின் வாழ்க்கையையும் எழுதி வைத்தார்கள். இன்றைக்கு மதுரை சௌராஷ்டிர சபையில் இருக்கிற அந்தச் சுவடிகளுக்கு வாலாஜாபேட்டைச் சுவடிகள் என்றுதான் பெயர். நவாப் பெயரால் வந்த இந்த ஊரின் பெயர் சங்கீதப் புத்தகத்தில் ஏறியது, ஒருவர் பொறுமையாக இன்னொருவர் பாட்டை எழுதிக்கொண்டே இருந்ததால்.

நீ கேட்பாய், "அதுல பாகவதர் எங்க இருக்கார்?" என்று. இருக்கிறார். குருவின் மேலேயே அஷ்டகம் பாடினார், சொந்தமாகக் கீர்த்தனையும் செய்தார். அவரிடம் கற்ற சதாசிவ ராவ் மைசூர் அரண்மனைக்குப் போய்ப் பெரிய வாக்கேயக்காரர் ஆனார். தியாகராஜர் இந்த ஊருக்கு வந்தபோது அந்த வருகையைப் பற்றியே சதாசிவ ராவ் தோடியில் ஒரு கீர்த்தனை செய்தார். எழுதிக்கொண்டவரிடம் கற்றவர்தான் இப்படிப் புதிதாகச் செய்தார். இன்னொன்றும் கவனி. தியாகராஜர் பாட்டு உமையாள்புரத்து வழியில் ஒரு மாதிரி, தில்லைஸ்தானத்து வழியில் ஒரு மாதிரி, நம் வாலாஜாபேட்டை வழியில் ஒரு மாதிரி வரும். குரு ஒருவர், பாட்டு ஒன்று. சங்கதிகள் வேறு. ஒவ்வொரு சீடனும் வாங்கியதைத் தன் தொண்டைக்குள் போட்டுத்தானே வெளியே விட்டிருக்கிறான்?

மனோதர்மம், மனோதர்மம் என்று நீ அடிக்கடி சொல்வாய். கற்பனாஸ்வரம் பாடும்போது உன் கண் மின்னுவதை நானும் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் எங்கிருந்து வருகிறது அது? ஒன்பது வயதில் அழுதுகொண்டே பாடினாயே, ஜண்டை வரிசை, அங்கிருந்து. மனப்பாடம் ஆகிப்போன வர்ணத்திலிருந்து. எங்கே சுற்றினாலும் எடுப்புக்கு வந்து சேரவேண்டும் என்ற பயத்திலிருந்து. பாடாந்தரத்தை உதறிவிட்டு மனோதர்மம் மட்டும் வேண்டும் என்பது பாவு பூட்டாத தறியில் ஊடை ஓட்டுவது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத்தில் தோடியைக் கேள், பதிவு இருக்கிறது. தோடி அவர் கண்டுபிடித்ததா? அவருக்கு முன்னால் எத்தனையோ பேர் ஊதினார்கள். ஆனாலும் தோடி என்றதும் இன்றைக்கும் திருவாவடுதுறைக்காரர் பெயர்தான் வாயில் வருகிறது.

கடன் வாங்குவது கேவலம் என்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? முத்துசாமி தீட்சிதரைவிட ஆசாரமானவர் வேண்டுமா? சென்னைக்குப் பக்கத்து மணலியில் இருந்த காலத்தில் வெள்ளைக்காரன் பேண்டு வாத்தியத்தைக் காதில் வாங்கி, அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் செய்தார். நோட்டுஸ்வரம் என்று நீயே பாடியிருக்கிறாய். அதில் ஒன்று இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற பாட்டின் மெட்டு, தீட்சிதர் அதை அம்பாளுக்குக் கொடுத்துவிட்டார்! அவர் தம்பி பாலுசுவாமி பிடிலையே அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டார். இன்றைக்குப் பிடில் இல்லாமல் கச்சேரி உண்டா? இந்தக் காலத்து ஆள் வேண்டுமென்றால் இளையராஜா. 1986இல் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தட்டை தியாகராஜருக்கும் ஜெர்மனிக்காரர் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்தார். அதில் ஒரு உருப்படிக்கு 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்றே பெயர். யாரை எங்கே பார்த்தார் என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார் பார்.

சொல்லிவிட்டார். எனக்கு முக்கியம் அதுதான். இங்கேதான் என் பழைய புலம்பல் ஆரம்பிக்கிறது. ஆயா இப்போதே கதவுப் பக்கம் வந்து "அந்தக் கேசட் கதையா?" என்று பார்க்கிறாள். ஆமாம், அந்தக் கேசட் கதைதான்.

உன் தாத்தா, என் அண்ணன், ஒரு மெட்டு வைத்திருந்தார். பண்டரிபுரம் போய் வந்த ஒரு கோஷ்டி நம் பஜனை மடத்தில் ராத்தங்கியபோது பாடிய அபங்கம் அது. அவர்கள் துள்ளிக்கொண்டு பாடினார்கள், அண்ணன் அதை நிறுத்தி நிதானமாக்கினார். சிந்துபைரவியை இன்னும் கொஞ்சம் குழைத்தார். தமிழில் வார்த்தை போட்டார். ஒவ்வொரு மார்கழியும் அதைப் பாடுவதற்கு முன்னால் ஜால்ராவை மடியில் வைத்துவிட்டுச் சொல்வார்: "மெட்டு பண்டரிபுரத்துக்காரங்களது. வார்த்தை என்னுது. குத்தம் இருந்தா அதுவும் என்னுது." அதைச் சொல்லாமல் அவர் பாடி நான் கேட்டதே இல்லை.

ஒரு ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி போகும் வழியில் டீக்கடை ஒலிபெருக்கியில் அதே பாட்டு. அதே மெட்டு, அதே நிதானம், முக்கால்வாசி அதே வார்த்தை. மார்கழியில் நம் மடத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போன ஒரு ஆளின் பெயர் கேசட் அட்டையில் இருந்தது, பாட்டு, இசை என்று இரண்டு இடத்திலும். நான் டம்ளரைத் தூக்கி எறிந்தேன். அண்ணன் சிரித்தார். "பாட்டு ஊர் சுத்துது, நல்லதுதானே" என்றார். ஆனால் அந்த மார்கழியில் அவர் அந்தப் பாட்டை எடுக்கவில்லை. அடுத்த மார்கழியிலும் இல்லை. கேட்டால் "தொண்டை சரியில்லை" என்பார். சாகும்வரை தொண்டை சரியாகவில்லை. எடுத்தவன் மேல் எனக்குக் கோபம் இல்லை, பாப்பா. அண்ணனே எடுத்தவர்தான். பெயரைச் சொல்லாமல் விட்டான் பார், அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

இப்போது உன் பாட்டு. கிட்டார் முடிந்து இரண்டாவது சரணத்தில் மேலிருந்து இறங்கி வருகிறாயே, அந்த இறக்கம் உன் தாத்தாவுடையது. தூங்கும்போது உன் அம்மா பாடிப் பாடி உன் காதில் ஏறியிருக்கும், உனக்கே தெரிந்திருக்காது. முதல்முறை கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. கீழே பார்த்தால் "பாடல், இசை" என்று உன் பெயர் மட்டும். குழந்தை ஆசையாகப் போட்டிருக்கிறது, சொல்லவேண்டாம் என்று ஆயா தடுத்துவிட்டாள். உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பாட்டு நன்றாக இருக்கிறது. நீ சேர்த்த தாளக்கட்டு தாத்தாவுக்கு வந்திருக்காது. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறது என்று யாரோ சொன்னால் வெட்கப்படாதே, "ஆமாங்க, எங்க தாத்தாகிட்ட கேட்டது" என்று சொல். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பெயர் சொல்லாத வழக்கம் கேசட் போடுகிறவர்களிடம் மட்டும்தான் என்று நினைக்காதே. தோல் கம்பெனியில் வேலை பார்க்கிற உனக்கு இது உறைக்கும். மிருதங்கத்துக்கு மாடு, ஆடு, எருமை மூன்று தோலும் வேண்டும். பாலக்காடு மணி ஐயர் கேட்ட நாதத்தைத் தோலில் கொண்டுவந்து கொடுத்தவர் பர்லாந்து. வாசித்தவர் பெயர் உலகத்துக்கே தெரியும், செய்தவர் பெயர் எத்தனை ரசிகருக்குத் தெரியும்? டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று அந்த மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். வாங்கிப் படி. மேடையில் நாலு பேர் பெயரைச் சொல்லும்போது மேடைக்குப் பின்னால் இருப்பவர் பெயரையும் சொல்லும் பழக்கம் உனக்காவது வரட்டும்.

வேலை விஷயம். சென்னைக்குப் போய் அறை எடுத்து முழுநேரமும் பாட்டுதான் என்றால், போ. நான் தடுக்கவில்லை. ஆனால் அறை வாடகை என்ன, அட்வான்ஸ் என்ன, ரெக்கார்டிங்குக்கு மணிக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தாயா? உன் நைனா இருந்திருந்தால் இதைத்தான் கேட்டிருப்பார். பசியோடு இருப்பவன் மெட்டைத் தேடமாட்டான், கிடைக்கிற மெட்டை எடுத்துக்கொண்டு ஓடுவான். அந்தக் கேசட் ஆளும் அப்படித்தானோ என்னவோ. வாலாஜா ரோட்டில் ரயில் நிற்கிறது, சனி ஞாயிறு போய் வரலாம். கம்பெனியில் சம்பளம் வருகிறது, பி.எஃப். பிடிக்கிறார்கள். ஒரு வருஷம் பொறுத்தால் கெட்டுப் போவது எதுவும் இல்லை. வகுப்புக்கு மட்டும் நாளைக்கே போ. டீச்சரம்மாவிடம் நான் பேசிவிட்டேன், ஒன்றும் சொல்லமாட்டார்கள். பேசினதுக்குக் கோபித்துக்கொள்ளாதே.

ரொம்பப் பேசிவிட்டேன். திரும்பப் படித்தால் எனக்கே கிழவன் புலம்பல் மாதிரித் தெரிகிறது. உன்னைப் போல் பாடுகிறவள் நம் வம்சத்தில் பிறந்ததில்லை, தாத்தாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீ ராப் பாடினாலும் ரெக்கே பாடினாலும் முதல் ரசிகன் நான்தான். வேலையை விட்டே தீருவேன் என்றால் விடு, மாசாமாசம் பென்ஷனில் இருந்து அனுப்புகிறேன், ஆயாவிடம் சொல்லாதே. பொங்கலுக்கு வா, கிட்டாரோடு வா. தாத்தாவின் பாட்டு நோட்டு என் பெட்டியில்தான் இருக்கிறது, அது உனக்குத்தான். ஆயா உனக்கென்று அதிரசத்துக்கு வெல்லம் வாங்கி வைத்துவிட்டாள்.

எடுத்த பாட்டைத் திரும்பப் போடு, தாத்தா பெயரோடும் பண்டரிபுரத்துக்காரர்கள் பெயரோடும். ராஜினாமாக் கடிதத்தை மட்டும் என்னிடம் காட்டாமல் கம்பெனியில் கொடுத்துவிடாதே.

என்றும் உன்,
சின்னத் தாத்தா.