ஃபியூரி 175: குரோமியம் பூசிய சிலிண்டரும் லேத் பட்டறையும்

திருவொற்றியூரில் புல்லட் வண்டிகளை உருவாக்கிவந்த என்ஃபீல்டு இந்தியா நிறுவனம், ஜெர்மனியின் மியூனிக் நகரைச் சேர்ந்த சுண்டாப் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தைப் பெற்று, 1980களின் தொடக்கத்தில் சிறிய வண்டிகளுக்கெனத் தனித் தொழிற்சாலை ஒன்றை இராணிப்பேட்டையில் அமைத்தது என்பதைத் தோல் தொழிலால் பெரிதும் அறியப்படும் இவ்வட்டாரம் ஏறக்குறைய மறந்துவிட்டது. சில்வர் பிளஸ், எக்ஸ்புளோரர் ஆகிய 50 சிசி வண்டிகளோடு, அதே சுண்டாப் உறவின் வழியாக வந்த விளையாட்டு வண்டியே ஃபியூரி 175 ஆகும். பெயரில் 175 என்றிருப்பினும் அதன் எந்திரக் கொள்ளளவு 163 சிசி மட்டுமே. பிஸ்டன் ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் ஒரு முறை எரிதல் நிகழ்வதும், பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்து எரிவதுமான டூ ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்த அவ்வெந்திரம் ஐந்து கியர்களையும், முன்சக்கரத்தில் பிரெம்போ டிஸ்க் பிரேக்கையும் துணையாகக் கொண்டிருந்தது. நாட்டின் மற்ற வண்டிகள் டிரம் பிரேக்கை நம்பி ஓடிய காலம் அது.

ஃபியூரியோடு ஒப்பிடப்படும், 1985 முதல் 1996 வரை விற்பனையான யமஹா ஆர்எக்ஸ் 100, 98 சிசியும் நான்கு கியர்களும் கொண்ட நல்ல வண்டி என்பதில் ஐயமில்லை. எனினும் இன்று அதற்குக் கேட்கப்படும் விலையில் பாதி, எந்திரத்துக்கன்று, இளமை நினைவுக்கே கொடுக்கப்படுகிறது. ஃபியூரியை வாங்குபவரைப் பழைய இரும்பு வாங்குபவராகக் கருதி நகைப்போர், தங்கள் புல்லட்டின் டிரம் பிரேக்கை ஆற்காடு பாலத்தில் ஒருமுறை அவசரமாக மிதித்துப் பார்த்துவிட்டுப் பேசுவது நலம்.

ஃபியூரி ஒன்றைப் பட்டறையில் ஏறத்தாழ இழந்து மீட்ட உரிமையாளர் ஒருவரின் பட்டறிவிலிருந்து பெறத்தக்க முதன்மையான பாடம், சிலிண்டரின் உட்சுவரைப் பற்றியதாகும். பல பழைய வண்டிகளில் அலுமினிய சிலிண்டருக்குள் வார்ப்பிரும்புக் குழாய் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். பட்டறைகள் ஸ்லீவ் என வழங்கும் அக்குழாய் தேய்ந்தால் அதைக் கடைந்து அகலப்படுத்தி, ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதே ரீபோர் ஆகும். ஃபியூரியிலோ ஸ்லீவ் கிடையாது. அலுமினியத்தின் மீதே கடினக் குரோமியம் நேரடியாகப் பூசப்பட்டுள்ளது. முடியின் தடிப்பை ஒத்த அப்பூச்சு, வெப்பத்தை அலுமினியத்துக்கு விரைவாகக் கடத்துவதோடு மிக மெதுவாகவே தேய்கிறது. அதைக் கடைந்தால் பூச்சு போய்விடும், எஞ்சுவது பிஸ்டனைத் தாங்காத மென்மையான அலுமினியம் மட்டுமே. இதனை அறியாமலும், அறிந்தவரைக் கேளாமலும் கடைசலைத் தொடங்கிவிட்டு, பின்னர் ஸ்லீவ் அடித்துத் தருவதாக ஆறுதல் கூறுவது வட்டார லேத் பட்டறை ஒன்றின் வழக்கமாயிருந்தது. முப்பது ஆண்டு அனுபவம் என்னும் பலகையை அப்பட்டறை இன்றும் கழற்றவில்லை.

ஸ்லீவ் அடித்தல் தீர்வாகாததற்குக் காரணங்கள் உண்டு. சூடேறும்போது அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல் ஏறத்தாழ இருமடங்கு விரிவதால், போதிய இறுக்கமின்றிச் செருகப்பட்ட ஸ்லீவ் ஓட்டத்தின் நடுவே தளர்கிறது. தளர்ந்த இடத்தில் வெப்பம் கடத்தப்படாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்கிறது. மேலும், டூ ஸ்ட்ரோக் எந்திரத்தில் வால்வுகளுக்குப் பதிலாகச் சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட் என்னும் திறப்புகளே கலவையை உள்விட்டுப் புகையை வெளியேற்றுவதால், ஸ்லீவில் வெட்டப்படும் திறப்பின் உயரம் ஒரு மில்லிமீட்டர் மாறினும் எந்திரத்தின் இயல்பு மாறிவிடும். உரிமையாளர் வேறொரு சிலிண்டரைத் தேடிப் பிடித்து, பழைய குரோமியத்தை வேதிமுறையில் நீக்கி, நிக்கலோடு சிலிக்கான் கார்பைடு துகள் கலந்த பூச்சை இடச்செய்தார். வண்டி வாங்கிய விலையைவிட இதற்கு மிகுதியாகச் செலவிட்டதை உறவினர் இன்றும் குத்திக்காட்டுகின்றனர் என்றாலும், அச்செலவு தேவையானதே. குரோமியப் பூச்சு நல்ல நிலையில் உள்ள சிலிண்டரை வைத்திருப்போர் குரோமிய ரிங்குகளை வாங்காமல் சாதாரண வார்ப்பிரும்பு ரிங்குகளையே போட வேண்டும். குரோமியத்தின் மேல் குரோமியம் உரசினால் இரண்டும் கீறிப்போகும்.

குரோமியம் புழங்கும் ஊராயிற்றே, இங்கேயே பூசிக்கொள்ளலாம் என எண்ணுவதும் பிழையாகும். தோல் பதனிடலில் பயன்படுவது மூவிணைதிறன் குரோமிய உப்பு. பூச்சுத் தொட்டியில் இருப்பது அறுவிணைதிறன் குரோமியம். இராணிப்பேட்டை சிப்காட்டில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற, லட்சம் டன்னையும் விஞ்சிய கழிவுக்குவியலில் அஞ்சப்படுவதும் இந்த இரண்டாவது வகையே. கைப்பிடிக்கும் மட்கார்டுக்கும் மினுமினுப்பு ஏற்றும் கடையின் பூச்சு, நிக்கல் மேல் படியும் மிக மெல்லிய ஒப்பனையாதலால் சிலிண்டருக்கு உதவாது.

தோல் ஆலைகளுக்கு அருகில் வண்டியை நிறுத்துவோர், அதாவது இதைப் படிப்போருள் பெரும்பாலோர், மின்கம்பி முனைகளை ஆண்டுக்கொருமுறை பிரித்துப் பார்ப்பது கட்டாயம். தோலிலிருந்து மயிர் நீக்கப் பயன்படும் சோடியம் சல்பைடு, அமிலக் கழிவோடு சேரும்போது வெளிப்படும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு செம்பைக் கறுக்கச் செய்கிறது. வண்டி கிளம்பாததற்குக் கார்புரேட்டரைக் குற்றஞ்சாட்டும் மெக்கானிக்குகள் இதனை எண்ணிப்பார்ப்பதேயில்லை. ஏனைய பணிகள் எல்லா டூ ஸ்ட்ரோக் வண்டிக்கும் பொதுவானவை: கிராங்கின் இருபுற ஆயில் சீல்களை மாற்றுதல், சைலன்சரில் படிந்த கரியை நீக்குதல், பிரேக் திரவத்தையும் அதன் ரப்பர்களையும் புதுப்பித்தல்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குப் பின் ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்பட்டு வந்துள்ளதா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். இப்பகுதியில் பதிவான அக்கால வண்டியின் முதற்சான்றில் வட ஆற்காடு மாவட்டம் என்றிருக்கலாம். 1989இல் அம்மாவட்டம் பிரிந்தது, பின்னர் வேலூர் எனப் பெயர் பெற்றது, 2019இல் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஆகவே, இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ள ஆம்பூரைச் சேர்ந்த ஒருவர் பெயர் மாற்றம் கோரும்போது எந்த அலுவலகத்துப் பதிவேட்டில் வண்டி உள்ளது என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவது அலைச்சலைக் குறைக்கும். இருக்கைக்கு ஆம்பூர்த் தோல் போடச்சொல்லி வற்புறுத்தும் நண்பர்களுக்கு, மழையில் நனைந்து வெயிலில் காயும் தோல் சுருங்கித் தையலைப் பிய்க்கும் என்பதையும், தொழிற்சாலையே ரெக்சின்தான் போட்டது என்பதையும் சொல்லிவிட்டால் போதும்.